இரண்டு சபைகளும் என் படகும்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

கடலில் ஆபத்தென்றால் கரையைக் கூப்பிடும் கருவியை என் படகில் பூட்ட, எங்கள் ஊர் விடத்தல்தீவுக்கு ஒருவர் வந்தார். மெலிந்தவர், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார்.

"இது கூப்பிட்டா கரையில கேக்குமோ, தம்பி?"

"கேக்காது, அண்ணை. கரைக் கருவி வேற முறையில கதைக்குது. எல்லாத்துக்கும் ஒரே முறையை ஆர் எழுதுறதெண்டு இரண்டு உலகச் சபைகள் பிடுங்குப்படுகினம்."

"ஆர் எழுதினா நல்லம்?"

"அரசாங்கங்களின்ர சபையில எங்கட நாட்டுக்கும் இருக்க ஒரு கதிரை குடுப்பினம், கதைக்க விடமாட்டினம். பொறியியலாளர் சபையில ஆரும் கதைக்கலாம், பெரிய கொம்பனியள் சொல்லுறதுதான் நிக்கும்."

"அப்ப என்ர படகு கடலில மூழ்கினா?"

"பலமாக் கத்துங்கோ."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தரம் முறுக்கிவிட்டுப் போனார். கூப்பிட்டாலும் கரையில் கேட்காத கருவியை ஏன் அவ்வளவு இறுக்கினார் என்று கேட்க எனக்குக் கூச்சம். இன்றும் அதோடுதான் கடலுக்குப் போய் வந்தேன்.

கார்த்திகை 2.