நான் எழுதிக் கொடுத்த ‘எதிர்ப்பு இல்லை’

நோர்வேயின் ஹொல்ம்லியா பகுதியில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பை நிறுத்திய அதிகாரி, பெற்றோரிடம் கருத்துக் கேட்டதாகச் சொல்வது பொய். அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான்.

கருத்துக்கேட்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, ஒரு தன்னார்வக் குழு என்னைக் கண்காணிப்பாளராக அனுப்பியது. அதிகாரி நோர்வேஜிய மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. எங்கள் ஆட்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அது சம்மதமல்ல என்று தெரிந்தும், வேலைக்கு ஓடும் அவசரத்தில் ‘எதிர்ப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வகுப்பு நின்றபின் ஒரு தாய் கடையில் என்னை மறித்தார். "அண்ணை, அந்த மனுசன் என்ன கதைச்சவரெண்டே எங்களுக்கு விளங்கேல்லை. நீங்களாவது ஒருக்கால் கேட்டிருக்கலாமே?" வெட்கத்தோடு வீடு திரும்பினேன்.

இப்போது ஒவ்வொருவரிடமும் தமிழில் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. என் அறிக்கை தவறென்றும் அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளரை ஏன் அழைக்கவில்லை என்று அந்த அதிகாரி இந்தக் கடிதம் வெளிவரும் இதே பத்திரிகையில் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலைத் தமிழாக்கம் செய்ய நான் வருகிறேன்.