செங்குட்டுவனின் இடது காது

தாணு அண்ணனின் தையல் கடையில் யாராவது அவருடைய மகன் பெயரைச் சொன்னால் மெஷின் நின்றுவிடும். வலது கை கத்தரிக்கோலை எடுக்கும். துணி இல்லாத இடத்தில், வெறும் காற்றில், ஒரே ஒரு வெட்டு. பிறகு கத்தரிக்கோல் மேசைக்குப் போகும், கால் மிதிக்குப் போகும். எதிரே வாசகசாலையில் கவிதைப் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தொழில் பழக்கம் என்று நினைத்தேன்.

மகன் பெயர் செங்குட்டுவன். ஒரு முழம்கூட இல்லாத பிள்ளைக்கு இமயம் வரை நீண்ட பெயர்.

மொழிவாரியாக மாநிலங்கள் பிரியவிருந்த நேரம்; எல்லையோரத்துப் பாறசாலையில் அது கொடிகளின் காலம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கொடி, ஐக்கிய கேரளம் வேண்டும் என்று ஒரு கொடி. இரண்டையும் தாணு அண்ணன்தான் தைத்தார், ஒரே நூல்கண்டில். தமிழ்க் கொடிக்குத் தலைவர் பூதலிங்கம் பிள்ளை, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். கேரளக் கொடிக்குத் தலைவர் அதியன்னூர் மோகனன், தாணு அண்ணனின் மனைவி விஜயம்மா அக்காவுக்கு உடன்பிறந்த அண்ணன். ஊர்வலத்தில் பறிபோன சட்டைப் பொத்தானை வைத்துத் தைக்க இருவரும் வருவது ஒரே கடைக்கு.

விஜயம்மா அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு ஆண் பிள்ளைகள். ராஜேந்திரன், விக்கிரமன். இருவருமே ஒரு வயதைத் தாண்டவில்லை. மூன்றாவது பிறந்த அன்றே அக்கா சொல்லிவிட்டார்: "ராசா பேரு இனி எனக்க வீட்டில வேண்டாம். எமன் கேட்டா மொகத்தத் திருப்பிட்டுப் போற பேரா வையுங்க. இதாவது எனக்குத் தங்கணும்."

ஆனால் எல்லையோரத்தில் பிறந்த ஆண் பிள்ளையைக் கட்சிகள் சும்மா விடுமா? இருபத்தெட்டாம் நாள், அரைஞாண் கட்டிப் பெயரிடும் அன்று, முற்றத்தில் இரண்டு கொடிக்காரர்களும் வந்து நின்றார்கள். நான் தென்னை மூட்டில் நின்றேன்.

"செங்குட்டுவன்!" என்றார் பூதலிங்கம் பிள்ளை. "இமயத்தில கல்லெடுத்த தமிழனுக்க பேரு. எல்லை பிரிக்க வார கமிஷன் பாக்கட்டு, எல்லையில யாரு கெடக்கான்னு!"

மோகனன் எதிர்க்கத்தான் வாயைத் திறந்தார். பெயரைக் கேட்டதும் மூடினார். மறுபடி திறந்தார். "கொள்ளாம், நல்ல பேரு. சேரன் நம்ம ஆளாக்கும்."

"எந்த நம்ம?"

"குட்டநாட்டை ஆண்டவன்தானே குட்டுவன்? குட்டநாடு எங்க கெடக்கு பிள்ளைவாள், மதுரையிலயா? ஆலப்புழைக்குப் பக்கத்தில இல்லியா?"

"அவனுக்க தலைநகரு வஞ்சி, நம்ம கரூராக்கும்!"

"கொடுங்ஙல்லூராக்கும்!"

"எலே மோகனா, அவன் பேசினது தமிழு!"

"அன்னைக்கு வேற என்ன வே உண்டு, பேசுகதுக்கு?"

எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இப்படி ஒரு பெயரில் ஒத்துப்போயின. அதனால் சண்டை இரட்டித்தது. தாணு அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்து, இரண்டு முறை "ஓ, சரி" என்றார்.

முற்றத்தில் என்ன கூவினாலும், பெயர் வைப்பது உள்ளறையில்தான். விளக்கின் முன் ஒருவர் பிள்ளையின் இடது காதை வெற்றிலையால் பொத்திக்கொள்ள, தகப்பன் வலது காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். மாமன் முறைக்கு மோகனனும் உள்ளே போனார். பூதலிங்கம் பிள்ளை, சாத்தியிருந்த கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்த மோகனன், "செங்குட்டுவன்!" என்று முற்றமே அதிரக் கூவினார். தன்னைவிடச் சத்தமாகக் கூவிவிட்டாரே என்று பிள்ளைவாளுக்கு வருத்தம்.

பதினோராம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளைவாள் மார்த்தாண்டத்திலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்தார், மோகனன் நெய்யாற்றின்கரையிலிருந்து டாக்டரை. அரசனுக்கு ஏதேனும் ஆனால் அது யாருடைய துரோகம் என்ற அறிக்கையை இரண்டு கட்சிகளும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தன. விஜயம்மா அக்கா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிள்ளையின் ஒரு காதைக் கையால் பொத்தி, மறு காதில் உதட்டை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் பிள்ளை பால் குடித்தது. இரண்டு கட்சிகளும் தனித்தனியாக மிட்டாய் வழங்கின.

ஐம்பத்தாறில் எல்லை களியக்காவிளையில் விழுந்தது; பாறசாலை கேரளத்துக்குப் போனது. அரசன் சொந்த நாட்டில் நிற்கிறான் என்றார் மோகனன். சிறைப்பட்டிருக்கிறான் என்றார் பிள்ளைவாள். கடையில் கத்தரிக்கோல் இரண்டு முறை வெட்டியது. அரசன் மேசைக்கடியில் காலி நூல்கட்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

பையனைப் பள்ளியில் சேர்த்த அன்று, சட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் இல்லை. அக்கா இருந்தார்.

"அஞ்சு வயசு தாண்டியாச்சு. இனி சொன்னா என்ன?" என்றார். "காதில சொன்ன பேரு பிச்சையாக்கும். ராசா பேரு அவன்மேல ஒட்டப்பிடாதுன்னுதான் இவரு அந்த வெட்டு வெட்டுகது."

"வேற யாருக்கு அக்கா தெரியும்?"

"எனக்க அண்ணனுக்கு. வெத்தில பிடிச்சது அவனாக்கும். மூணு தடவையும் காதால கேட்டான்."