மண்ணூர்பேட்டையில் அறுத்த சுரைக்காய்

எங்கள் குரோம்பேட்டை அடுக்குமாடியில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து மொட்டைமாடியில் காய்கறி போடலாம் என்று முடிவாயிற்று. தோட்ட விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. என்னுடைய நம்பிக்கையும் அதுதான். எட்டு வருடமாகத் தொட்டியில் தக்காளி வளர்க்கிறேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவுரை சொல்கிறேன். ஆனால் பல வீடுகள் சேர்ந்து சண்டை போடாமல் ஒரே தோட்டத்தை நடத்துவது வேறு வித்தை. அதைப் பார்க்கத்தான் போன மே மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையின் மேற்குப் பக்கம் கிளம்பினேன். "அக்னி நட்சத்திரத்துல யாராவது தோட்டம் பார்க்கப் போவாங்களா?" என்றார் வீட்டுக்காரர். இந்த வெயிலில் உயிரோடு இருக்கும் தோட்டத்தைத்தானே நம்பலாம்?

காலை 6.10-க்கு குரோம்பேட்டையில் மின்சார ரயில். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி லோக்கல். டிக்கெட் எடுக்கும்போதே பட்டரைவாக்கம் வரை கேட்டு வாங்கிவிடுங்கள், மொத்தமே பத்து ரூபாய்தான். 7.40-க்கு பட்டரைவாக்கத்தில் இறங்கினேன். அங்கிருந்து மண்ணூர்பேட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார்.

"ரெண்டு கிலோமீட்டருக்கு நூறா? அநியாயமா இல்ல?"

"ஷிஃப்ட் மாறுற டைம் மா. எஸ்டேட் ரோடு ஃபுல்லா வண்டி நிக்கும். சரி, எண்பது குடு."

எழுபதுக்கு முடித்தேன். அவர் சொன்னபடியே வண்டிகள் நின்றன. மனசு கேட்காமல் அந்தப் பத்து ரூபாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு காலி மனை, முப்பதுக்கு நாற்பது அடி. சொந்தக்காரர் வீடு கட்டும் வரை தோட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். எட்டு வீடுகள் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. எனக்குச் சுற்றிக் காட்டியவள் அதில் ஒரு வீட்டுக்காரி, ரோஸி. பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மதிய ஷிஃப்ட். பட்டறையில் கழித்த இரும்புக் குழாய்களில் பந்தல். அட்டைப்பெட்டிகளைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் பட்டைதான் கயிறு. காசு போட்டு வாங்கிய பொருள் என்று ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சண்டை வராதா?" என்று கேட்டேன்.

"வராம? மொதல்ல தெனம் சண்டதான். இப்போ ஒரே சட்டம். இன்னிக்கி எவ ஊட்டுத் தண்ணி ஊத்துறாளோ, அவதான் இன்னிக்கிப் பறிக்கலாம். அரிசி கழுவுன தண்ணி, பாத்திரம் அலசுன தண்ணி, எதுவா இருந்தாலும் ரெண்டு டிரம் ரொம்பணும்."

எங்கள் அசோசியேஷன் மூன்று கூட்டம் போட்டும் பிடிபடாத விஷயம் இது. நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். "பூந்தமல்லியில மாடித் தோட்டம் போடுற மும்தாஜ் அக்காவப் பாக்காம போவாதக்கா," என்று சொல்லி, அவர் நம்பரையும் தன் நம்பரையும் ரோஸி கொடுத்தாள். அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம். "தண்ணி லாரி வந்துகினு கீது. நாலு கொடம் புடிச்சிட்டு ஓடியாரேன்," என்று குடங்களோடு ஓடினாள்.

தனியாக நின்றேனா, வாயும் கையும் சும்மா இருக்காத ஜென்மம் நான். பந்தலில் நீளச் சுரைக்காய்கள் பிஞ்சும் காயுமாகத் தொங்கின. ஒரு ஓரத்தில் மட்டும் குண்டாக, உருண்டையாக ஒன்று, ஊதா நிறத்தில் மஞ்சள் புள்ளி போட்ட துணியில் தூளி கட்டித் தொங்கியது. நகத்தால் அழுத்தினேன், இறங்கவில்லை. முத்திவிட்டது! முத்தின காயைக் கொடியில் விட்டுவைத்தால் கொடி புதுக் காய் பிடிக்காது. இது தெரியாமல் பாரம் தாங்குவதற்குத் துணி வேறு கட்டியிருக்கிறார்களே, பாவம் என்று நினைத்தேன். பையில் எப்போதும் ஒரு தோட்டக் கத்தரி வைத்திருப்பேன். காம்பை நீளமாக விட்டு, சுத்தமாக அறுத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தெருவில் லாரியைச் சுற்றி ஒரே கூட்டம். "ரோஸி, ஒரு சுரைக்காய் எடுத்துக்கிட்டேன்!" என்று கத்தினேன்.

"எடுத்துக்கோக்கா, இன்னா இப்போ!" என்று வரிசையிலிருந்தே கையை ஆட்டினாள்.

எஸ்டேட் பஸ் நிலையத்திலிருந்து பூந்தமல்லிக்குக் கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர். முகப்பில் பிங்க் அடித்த பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்; எனக்குக் கிடைத்தது. ஏறியது 9.35, இறங்கியது 10.40. அந்தத் துணியையே கைப்பிடியாக்கிக் காயைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போகவில்லை என்ற பெருமை வேறு. பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, கடைத்தெருவைத் தாண்டி மூன்றாவது சந்து.

மும்தாஜுக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க," என்று எழுந்தவர், என் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முதலில் பார்த்தது காயை அல்ல, துணியை. மிஷின் அடியில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் அதே ஊதா, அதே மஞ்சள் புள்ளி.

"அல்லா... இத ஏங்க்கா அறுத்தீங்க?"

அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்த உருண்டைச் சுரை மும்தாஜ் பல வருடமாக விதை எடுத்துக் காப்பாற்றி வரும் ரகம். கொடி அதிகம் ஓடாது, பெயின்ட் வாளியில் வைத்தாலே காய்க்கும். ஆடி பிறந்தால் அந்தச் சந்தில் பதினான்கு வீட்டு மாடிக்கு இவர்தான் விதை கொடுப்பார். இந்த வருடம் மாடித் தரையில் பதித்த தட்டோடுகளைப் பெயர்த்து மாற்றும் வேலை. எல்லாவற்றையும் கீழே இறக்கியதில் கொடிகள் செத்துவிட்டன. மிச்சம் இருந்த நாலு விதையை ரோஸியிடம் கொடுத்திருக்கிறார். முளைத்தது ஒன்று. பக்கத்தில் நீளச் சுரை இருப்பதால் இனம் கலந்துவிடுமே என்று, ரோஸி ஒரு சாயங்காலம் தன் கையாலேயே பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்து, விதைக்கென்று அடையாளமாக மும்தாஜ் கொடுத்த துணியைக் கட்டிவிட்ட ஒரே காய் இது.

எட்டு வருட அனுபவம்! செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. விவரம் தெரியாதவள் அந்தக் காயைத் தொட்டிருக்கவே மாட்டாள். விவரம் தெரிந்த நான்தான் அறுத்தேன். "மன்னிச்சிடுங்க" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மும்தாஜ் திட்டவில்லை. காயை வாங்கித் தட்டிப் பார்த்தார், காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காம்பு நீளமா வுட்டிருக்கீங்க. தோலும் கெட்டியாயிடுச்சு. தொங்க உடுவோம். உள்ள இருக்கிற சத்துல வெத முத்துமான்னு பாப்போம். ரெண்டு மாசம் யாரும் கைய வெக்கக் கூடாது." அதே துணியால் மிஷினுக்கு மேலே இருந்த கொக்கியில் கட்டினார். பிறகு ரோஸிக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். திட்டு மழையாகக் கொட்டியது.

"யக்கா, படிச்சவதானே நீ? அத்தன காய் தொங்குது, துணி கட்டுனதுதான் கண்ணுக்குத் தெரிஞ்சிதா? நானும் மண்ணு மாரி எடுத்துக்கோன்னேன் பாரு!"

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தகும். பகல் இரண்டு மணிக்குத் திரும்பினேன். அந்த இரண்டு மாதமும் வாராவாரம் மும்தாஜுக்கு போன் செய்தேன். "இருக்குங்க்கா, எங்க ஊட்டுக்காரர்தான் தெனம் தலைய இடிச்சிக்கிறாரு," என்பார்.

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு மறுபடியும் போனேன். ரோஸியும் வந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய் மரக்கட்டை போல் காய்ந்திருந்தது. மும்தாஜ் காதருகே வைத்து ஆட்டினார். கலகலவென்று சத்தம் கேட்டது. உடைத்து, விதைகளை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டார். மிதப்பது சொத்தை, மூழ்குவது தேறும். பாவி விதைகள் எல்லாம் மிதந்தன. பிறகு ஒன்று இறங்கியது. இன்னொன்று. எண்ணி முடித்தபோது அடியில் பத்தொன்பது கிடந்தன. ரோஸி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

பதினான்கு வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று, ரோஸிக்கு மூன்று, மும்தாஜுக்கு இரண்டு. எனக்கு இல்லை, நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது மும்தாஜ் அந்த ஊதாத் துணியைத் துவைத்து மடித்து என் கையில் வைத்தார். "வெத அடுத்த வருஷம் தரேன். துணிய இப்பவே வெச்சிக்கோங்க, அதப் பாத்தாவது ஞாபகம் இருக்கட்டும்."

போக நினைப்பவர்களுக்கு: மே மாதத்திலும் போகலாம், காலை பத்துக்குள் தோட்டத்தைப் பார்த்து முடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு வேண்டும். எனக்கு ஆட்டோவும் ரயிலும் சாப்பாடும் சேர்த்து ஒரு தடவைக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கே பறிக்கும் உரிமை என்ற சட்டத்தை எங்கள் மாடியிலும் வைத்துவிட்டோம். ஒரு மாதமாகச் சண்டை இல்லை. பல வீடுகள் சேர்ந்து நடத்தும் தோட்டத்தில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு கணக்கு இருக்கும், அது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோஸியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் லேத் ஓடும் சத்தம்.

"யக்கா, மூணும் மொளைச்சிடுச்சி! அடுத்த சனிக்கெழம கெளம்பி வா. அந்தக் கத்திரிய மட்டும் ஊட்லயே வெச்சிட்டு வா."