மோட்டாரக்காவின் காது

திருப்புளியின் நுனியை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறாள் மோட்டாரக்கா. "பேரிங் போச்சுங்க. காயில் கம்பி நல்லாத்தான் இருக்கு." கழற்றிப் பார்க்கும் முன்பே சொல்லிவிடுவாள். மிக்ஸியோ, மின்விசிறியோ, தண்ணீர் பம்போ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். "சும்மா தூசு தட்டி ஊதினா சரியாயிடாதா?" என்று கேட்பவரிடம், "ஊதிப் பாத்துட்டு எடுத்துட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்பாள்.

சென்ற ஆண்டு பிள்ளை பெற்று வீட்டிலிருந்தபோது, அந்தக் காதே அவளைப் படுத்தியெடுத்தது. ஒரு பிற்பகல், குழந்தை தொட்டிலில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷினுக்குள் ஒரு குழந்தை அழுதது. வீறிட்டு அல்ல, அழுது களைத்த பிள்ளை விக்குமே, அப்படி. ஓடிப்போய் நிறுத்தி, ஈரத்துணியையெல்லாம் தரையில் வாரிப் போட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. அழுகை ஃபிரிட்ஜுக்கு நகர்ந்திருந்தது.

சில நாட்களில் வீட்டில் எதுவும் முழுசாக இல்லை. இறக்கை கழன்ற விசிறி, முதுகு திறந்த ஃபிரிட்ஜ். தொட்டில் பக்கம் மட்டும் அவள் போவது குறைந்தது. எங்கோ அடைபட்டு அழுவதுதான் தன் பிள்ளை, தொட்டிலில் சத்தமின்றிக் கிடப்பது வேறு ஏதோ என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. பால் கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"பரவால்ல, கரண்டாவது மிச்சம்" என்று சிரித்தான் கணவன். ஏன் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாத சிரிப்பு. மாமியார் சிரிக்கவில்லை. "காத்து கருப்பு பட்டிருக்குடா. வெளிய மூச்சு விடாத. மந்திரிச்சா போயிடும்."

காலில் முள் குத்தினால் ஊசியைத் தேடுகிறவர்கள், மனத்தில் குத்தினால் மட்டும் பேயைத் தேடுகிறார்கள். பெற்றவள் பூரித்துக் கிடக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, அவள் நொறுங்கினால் குடும்பப் பெயர் கெடும் என்று வாயைப் பொத்துகிறார்கள்.

ஒரு நாள் காலை, அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள். வீடு அடங்கியது. குழாய்களை இறுக்கினாள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். தொட்டிலை எட்டிப் பார்த்தாள்; தூக்கம்தான். அழுகை நிற்கவில்லை.

"அத்தை, எந்த மெஷின்லயும் கோளாறு இல்ல. கோளாறு எனக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"பைத்தியம்னு சொல்லிட்டாங்கன்னா பிள்ளைய பிடுங்கிக்குவாங்கடி!"

அவளுக்கும் அதே பயம்தான். "பிடுங்கினா பிடுங்கட்டும். எங்கிட்டயே இருந்து அதுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?" என்று செருப்பை மாட்டினாள். கணவன் சிரிப்பை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

மனநல மருத்துவர் நரைத்த அம்மாள். கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை.

"இப்பவும் கேக்குதாம்மா?"

"கேக்குது. உங்க பீரோவுக்குள்ள."

மருத்துவர் பீரோ பக்கம் திரும்பவும் இல்லை, அதைத் திறந்து காட்டவும் இல்லை. "பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி வரும். இது வியாதி. நீங்க பண்ண தப்பு எதுவும் இல்ல. மருந்து இருக்கு, பேசறதுக்கு நாங்க இருக்கோம். கொஞ்ச நாள் இங்கயே தங்கணும்."

"பிள்ளை?"

"பிள்ளையும் உங்க கூடத்தான். தனியா மட்டும் விட மாட்டோம், வீட்டுக்காரரும் இருக்கட்டும்."

அப்போது கணவனின் மடியில் பிள்ளையின் வாய் கோணியது, அழுகை வந்தது. அவள் பீரோவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். எது அழுகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. கையை மெல்ல நீட்டி, விரல்களை விரித்து, பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்தாள். அழுகைக்கேற்ப அந்தச் சின்ன நெஞ்சு அதிர்ந்தது. கையை அவள் எடுக்கவேயில்லை.