அடிப்பூச்சுக்காரி

பிரைமர் டின்னைத் திறக்கும் முன்பு வேம்புலியம்மாள் ஒரு துண்டு வெல்லத்தைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறாள். "வெல்லம் உள்ள போனா வெசத்தை இழுத்துக்கும்" என்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயிண்ட் கொட்டகைக்காரர்களின் வைத்தியம். அதை நம்பித்தான் எட்டு வருஷமாக இரும்பு ஜன்னல்களுக்கு ஈயம் கலந்த சிவப்பைப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

பச்சையும் நீலமும் பூசுகிறவர்கள் ஆண்கள். பெயரும் அவர்களுக்குத்தான். அடியில் இந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அவர்களுடைய பச்சை ஒரு மழைக்குக்கூடத் தாங்காமல் பொருக்கு விட்டு உதிரும், இரும்பைத் துரு தின்றுவிடும் என்பது ஜன்னல் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. "அடி சரியில்லன்னா மேல இன்னா மினுக்குனாலும் இன்னா பிரயோஜனம், அண்ணாத்தே?" என்று பச்சை பூசும் பரந்தாமனை வம்புக்கு இழுப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

மூலை விட்டுப்போகக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறி. பிரஷ் நுழையாத சந்துகளில் ஆள்காட்டி விரலால் பூசுவாள். பருத்திப்பட்டுக் கிராமத்துச் சேற்றில் நாற்று நட்டுப் பழகிய விரல்; எங்கே எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். மதியம் மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டு அதே விரல்களால் சோறு பிசைவாள். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பாவிகள், சொல்லியிருக்கலாம்.

தை மாதத்திலிருந்து வலது மணிக்கட்டு நிமிர மறுக்கிறது. பக்கத்தில் இதே சிவப்பைப் பூசிய துலுக்கானத்துக்கும் இப்படித்தான் தொடங்கியது. இரண்டே மாதத்தில் சீக்காளி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இவள் கையை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே இடது கையால் பூசப் பழகிக்கொண்டாள்.

"இன்னாம்மா, கை மாத்திட்டே?" என்று மேஸ்திரி பால்ராஜ் கேட்டால், "சுளுக்கு கீது மேஸ்திரி, எண்ணெ தடவிகினு கீறேன்" என்பாள்.

நேற்று, யார் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வந்தார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். வேம்புலியம்மாளின் இடது கை விறைப்பாக நின்றது. வலது கை மணிக்கட்டோடு தொங்கியது. பால்ராஜ் பார்த்துவிட்டார். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எய்தாதீங்க சார். இப்ப பாருங்க" என்றாள் அவள். இடது கையால் வலது கையின் விரல்களைப் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டை நேராக்கி, அவர் முகத்துக்கு எதிரே அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.