மண்டகப்பட்டு மானும் திண்டிவனத்து வாத்தும்

காலை ஆறே முக்காலுக்கு விழுப்புரத்தில் ஸ்கூட்டரின் பின் இருக்கையில் ஏறினேன். ஓட்டுவது என் மகள் கயல். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தினமும் வண்டியிலேயே போய்வருவேன் என்கிறாள். ஒருமுறை நானும் வந்து வழியைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றிருந்தேன். நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். லாரிகளுக்குப் பயந்து, செஞ்சி வழியாகச் சுற்றிப் போகச் சொன்னேன். கயல் மறுக்கவில்லை, பெட்ரோலை மட்டும் என்னைப் போடச் சொன்னாள்.

ஏழரை மணி. மண்டகப்பட்டைத் தாண்டியதும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு பெண் புள்ளிமான் எங்கள் முன்னால் பாய்ந்தது. கயல் வண்டியை நிறுத்திவிட்டாள். அலறியது நான்தான். அந்தப் பக்கம் போன மான் திரும்பியே பார்க்கவில்லை. இந்தப் பக்கம் தனியாக நின்ற குட்டி, சாலையை இருபுறமும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது.

செஞ்சியில் இரண்டு டீ, இருபத்து நான்கு ரூபாய். நடந்ததைச் சொன்னேன்.

“மானு பாத்துக்கினுதான் சார் தாண்டும். நம்ம ஆளுங்கதான் பாக்காம வர்றானுங்க,” என்றார் கடைக்காரர்.

முதுகு பிடித்துக்கொண்டது, திரும்பிவிடலாம் என்று கயலிடம் சொன்னேன். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, திண்டிவனம் பக்கமே வண்டியைத் திருப்பினாள்.

ஒன்பது மணிக்கு, திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு சாலையோர ஏரியில் நின்றோம். கரையோரம் புள்ளிமூக்கு வாத்து ஒன்று. கருத்த அலகில் நுனி மட்டும் மஞ்சள். பின்னால் குஞ்சுகள். ஒரு நாய் இறங்கியதும் வாத்து ஓர் இறக்கையைத் தொங்கவிட்டு, தத்தித் தடுமாறி எதிர்ப்பக்கம் போனது. நாய் அதைத் துரத்தியது. குஞ்சுகள் கோரைக்குள் மறைந்தன. பாவம், இறக்கை ஒடிந்துவிட்டது என்றேன். நாயை வெகுதூரம் இழுத்துப்போன வாத்து, ஜம்மென்று எழும்பிப் பறந்தது.

“உன்ன மாதிரியே நடிக்குதுப்பா,” என்றாள் கயல். “வண்டி வாங்கறேன்னா நெஞ்செரிச்சல். வேலைக்குப் போறேன்னா முதுகு.”

“அது அம்மா வாத்து.”

“அதுக்காவது நாயி வந்துச்சு. உனக்கு?”

மீதி வழியெல்லாம் மானையும் வாத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். இரண்டுக்கும் பெயரில் புள்ளி உண்டு. இரண்டும் மேயும், இரண்டும் ஏரித் தண்ணீரை நம்பியவை. பிள்ளை வளர்ப்பில்தான் ஒத்துப்போகவில்லை. மான் முதலில் தாண்டிவிட்டு, குட்டியின் கால்களை நம்புகிறது. வாத்து ஒடியாத இறக்கையை இழுத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறது. ஆனால் குஞ்சு பறக்கும்வரைதான் அந்த நாடகம். கயலுக்கு இருபத்து மூன்று வயது.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொண்டேன். நெடுஞ்சாலையிலேயே வீட்டுக்குப் போ, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

“மறுபடியும் முதுகா?”

“இல்லம்மா. திங்கக்கெழமையிலேர்ந்து தனியாத்தான வரப்போற.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மானைப் போலத் திரும்பிப் பார்க்காமல் வருவது என்ற உறுதியோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் பஸ் அவளைத் தாண்டியது. ஒரு லாரிக்கு வழிவிட்டு, ஓரமாக, தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் புள்ளியாகும்வரை ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன்.

“சார், தலைய உள்ள வைங்க,” என்றார் கண்டக்டர். “கழுத்து சுளுக்கிக்கினா நான் பொறுப்பு இல்ல.”

விழுப்புரத்தில் இறங்கியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டில் யாரும் நம்பவில்லை.