மாஸ்டர் வெட்டி ஒட்டிய வாக்கியம்

ஆல்டரேஷன் கடைக்காரருக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். மாஸ்டரைக் கேட்டால் முறைப்பார். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, தெருவில் உள்ள எல்லோருடைய இடுப்பளவும் மனப்பாடம். போன வருஷத்தைவிட யார் எத்தனை இஞ்ச் பெருத்திருக்கிறார்கள் என்பதைக் கடை வாசலில் நின்று சத்தமாக அறிவிப்பார். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அந்த வாயால்தான் எல்லாம் கெட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே மகள், வேலைக்குப் போன நாட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். "அவன் பேசுறது எனக்குப் புரியாது. நான் பேசுறது உனக்குப் புரியல. போனை வை!" என்றார். கல்யாணத்தை மனைவி வீடியோவில் பார்த்து அழுதாள். மாஸ்டர் பக்கத்து அறையில் யாருடைய சட்டைக்கோ பட்டன் மாட்டக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மகள் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள்.

இப்போது மகளும் மாப்பிள்ளையும் நான்கு நாள் தங்க வருகிறார்கள். "அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா இனிமே வரவே மாட்டேன்மா" என்று அவள் சொன்னது ஸ்பீக்கரில் இவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே மொபைலில் பாடம் ஆரம்பமானது. அவர்கள் வருவதற்கு மூன்று மாதம் இருந்தது. மாஸ்டருக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: என் மகள் உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதென்று நினைத்தேன், மன்னித்துவிடுங்கள். அதற்கென்று தனியாக ஒரு வினை வடிவம் வைத்திருக்கிறார்கள், பாவிகள்! நடந்ததைச் சொல்ல ஒன்று. நடக்க வேண்டும், நடக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒருவன் மனசுக்குள் நினைத்ததைச் சொல்ல வேறொன்று.

பயந்துபோயிருந்தவர் செய்முறையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பேசினார்கள்' என்றால் ஆப்லாரோன். கடைசியில் இருக்கும் 'ரோன்' துண்டை வெட்டு, அங்கே 'ரா' வைத்துத் தை. ஆப்லாரா. 'சாப்பிட்டார்கள்' கோமியேரோன், வெட்டினால் கோமியேரா. 'வாழ்ந்தார்கள்' பிபியேரோன், பிபியேரா. நீ என்றால் 'ராஸ்', அவர்கள் என்றால் 'ரான்'.

"இது பேன்ட் கால் வேலைடி! கீழ வெட்டி வேற துணி ஒட்டுறதுதானே!" என்று மனைவியிடம் கூவினார். விதிக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும் சொற்களின் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. கல்யாணத்துக்கான சொல் நல்லவேளையாகச் சொன்னபடி கேட்கும் ரகம்: காசாரோன், காசாரா.

நோட்டுப் புத்தகம் வாங்கினார், தொட்டதில்லை. சாக்கட்டி எப்போதும் விரலிடுக்கில் இருந்ததால் கையிலிருக்கும் துணியிலேயே, தமிழ் எழுத்தில் எழுதிப் பழகினார். பேங்க் மேனேஜரின் கோட்டு உள்பக்கம் எழுதியதைத் துடைக்க மறந்து கொடுத்தும்விட்டார். மறுநாள் காலை மேனேஜர் கோட்டோடு வந்து நின்றார்.

"யோவ் மாஸ்டர், ஆப்லாரா, கோமியேரா, பிபியேரா, யாருய்யா இந்த மூணு பொம்பளைங்க? வீட்டுக்காரி என்னை உள்ளயே விட மாட்டேங்கறா!"

மாஸ்டர் இலக்கணம் என்று விளக்க விளக்க மேனேஜருக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. கடைசியில் மாஸ்டரே மேனேஜர் வீட்டுக்குப் போய், அந்த அம்மாவுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தி ஆளை மீட்டுக் கொடுத்தார்.

மகளும் மாப்பிள்ளையும் வந்த அன்று மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு மாஸ்டர் எழுந்து நின்றார்.

"நோ கெரீயா கே மி இஹா சே காசாரா கோன் உஸ்தெத். பெர்தோனெமே."

மாப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்து, மூச்சுவிடாமல் ஏதேதோ பேசினார். மாஸ்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மனைவி மூக்கைச் சிந்தினாள். பரீட்சை பாஸான முகத்தோடு மாஸ்டர் மகளைப் பார்த்தார்.

மகள் சிரிக்கவில்லை. "நல்லா சொன்னீங்கப்பா. ஆனா 'போனை வை'ன்னு நீங்க சொன்னது அவர்கிட்ட இல்ல. எங்கிட்ட."

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூன்று மாதம் ஒத்திகை பார்த்தவர், தமிழில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"அன்னிக்கு... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. கல்யாணத்துக்கு வந்திருக்கணும். பக்கத்து ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வந்து எட்டிப் பாக்க வீம்பு விடல. தப்பு எம்மேலதான்."

மாப்பிள்ளை மகளின் தோளைத் தொட்டு, அப்பா என்ன சொன்னார் என்று தன் மொழியில் கேட்டார்.

"அது உனக்கில்ல" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, மகள் நாற்காலியை அப்பா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.